தந்தையின் தொழில்



பிறந்ததிலிருந்து இன்றுவரை நாம் அதிகமாக நிரப்பியது எதை என்று கேட்டால், வயிற்றை என்று சொல்வீர்கள். நான் விண்ணப்பப் படிவத்தை என்பேன். பள்ளியில் சேர ஒன்று, பஸ் பாஸுக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, வருமானச் சான்றிதழுக்கு ஒன்று... பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் மடமடவென்று எழுதிவிடலாம். அடுத்து ஒரு வரி வரும். 'தந்தையின் தொழில்'. அங்கே என் பேனா நின்றுவிடும்.

ஏன் தெரியுமா? என் பெயர் மாறவில்லை. பிறந்த தேதி மாறவில்லை. திருத்தணிப் பக்கத்து எங்கள் ஊரும் மாறவில்லை. அப்பாவின் தொழில் மட்டும் படிவத்துக்குப் படிவம் மாறிக்கொண்டே வந்தது!

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது 'கைத்தறி நெசவு' என்று எழுதினார்களாம். ஆறாம் வகுப்பில் 'விசைத்தறிக் கூலி'. எட்டாம் வகுப்பில் ஓர் உதவித்தொகைப் படிவத்தில் 'காய்கறி வியாபாரம்'. பாலிடெக்னிக்கில் நான் சேர வந்த அன்று அப்பா மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலைக்கு இருந்தார். ஆனால் அந்தப் படிவத்தில் நான் எழுதியது அது இல்லை. என்ன எழுதினேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த ஆண்டு மலருக்கு எழுதவே உட்கார்ந்தேன்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு குழித்தறியில் இறங்கியவர். பள்ளத்தில் கால், மிதியில் பாதம், கையில் நாடாவை இழுக்கும் கயிறு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவாள். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். பாவின் அடியில் குனிந்து ஓடி விளையாடியதுதான் என் முதல் ஞாபகம். 'இழை அறுந்துச்சுன்னா தோலை உரிச்சுடுவேன்' என்று அப்பா கத்துவார். ஒரு நாளும் உரித்ததில்லை.

பிறகு கைத்தறிக் கூலி அரிசிக்கே போதவில்லை. அப்பா தறியைப் பிரித்துக் கட்டைகளைப் பரண்மேல் போட்டார். அச்சையும் விழுதையும் பழைய வேட்டியில் சுற்றி வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். மறுநாள் காலையில் ஒரு விசைத்தறி ஷெட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் தறியில் இழை அறுந்தாலும் ஓட வேண்டும். இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் காது அடைத்துப்போய் நாங்கள் பேசுவது கேட்காது.

2020 மார்ச் 25. ஊரடங்கு வந்த நாள் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நமக்கு அது விடுமுறையாகத் தெரிந்தது. அப்பாவுக்கு? ஷெட் மூடிவிட்டது. வார முடிவில் கூலி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அவள் காதில் வேப்பங்குச்சி ஏறியது.

ஒருநாள் அப்பா ஓர் இரவல் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் பெட்டி கட்டிக் காய்கறி விற்கப் புறப்பட்டார். தறிச் சத்தத்தில் வளர்ந்த மனிதருக்குத் தெருவில் நின்று கூவ வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முதல் நாள் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனார். போனவர் பாதிக் கத்திரிக்காயைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று நாள் எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு, கத்திரிக்காய்ப் பொரியல், கத்திரிக்காய்க் கொத்சு! ஒரு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். தெலுங்கு பேசும் ஊர்களில் 'வங்காயலு, டமாட்டாலு' என்று தெலுங்கிலேயே ராகம் போட்டார். எந்த வீட்டில் கடன் கொடுக்கலாம், எந்த வீட்டில் சும்மாவே இரண்டு காய் அதிகம் போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஊர் சும்மா இருக்குமா? கல்யாண வீடு ஒன்றில் என் மாமா, பத்துப் பேர் நடுவில், 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க? உங்கப்பன் எதுலடா நெலச்சான்?' என்று என்னிடம் கேட்டார். அப்பா கேட்டும் கேளாதவர் போல இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. மாமாமேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அப்பாமேல்தான். மற்ற பையன்களின் அப்பாக்கள் எல்லாம் ஒன்றாக இருக்கிறார்கள்: வாத்தியார் என்றால் வாத்தியார், கண்டக்டர் என்றால் கண்டக்டர். என் அப்பா மட்டும் ஏன் இப்படி?

இந்தக் கோபத்தோடுதான் பாலிடெக்னிக் சேர வந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். படிவத்தில் 'தந்தையின் தொழில்' வந்தது. பக்கத்தில் ஒரு பையன் 'அரசு ஊழியர்' என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் 'வணிகம்' என்று எழுதினேன்.

கையெழுத்துப் போடுவதற்காக அப்பா படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். விரல் அந்த வரியில் நின்றது.

'வணிகம்னா இன்னாடா?'

'யாவாரம்பா.'

'யாரு யாவாரம்?'

நான் பதில் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்தை எனக்கு விட்டார். ஊர் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை நண்பர்களே!

* * *

இரண்டாம் ஆண்டில் ஆசிரியர் தினம் வந்தது. 'நீ திருத்தணிக்காரன்தானே? ராதாகிருஷ்ணனைப் பற்றி நீ பேசு' என்று ஆங்கில மேடம் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம்: குடியரசுத் தலைவராக இருந்தார், எங்கள் ஊரில் பிறந்தார். நூலகத்துக்கு ஓடினேன்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி ஒரு ஜமீனில் சாதாரண வருவாய்த்துறைச் சிப்பந்தி. வசதி கிடையாது. உதவித்தொகையில்தான் படிப்பு. திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று படித்துச் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே தத்துவம் எடுத்தார். ஏன் தத்துவம்? அதே கல்லூரியில் தத்துவம் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்தாராம். புத்தகச் செலவு மிச்சம். அதனால் தத்துவம்! ஆக்ஸ்போர்டு வரை போய்ப் பாடம் நடத்திய ஒரு தத்துவ மேதை உருவான கதை இதுதான்.

நாம் ஏன் இந்தப் பிரிவை எடுத்தோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கு மெக்கானிக்கல் மேல்தான் ஆசை. அன்றைக்கு எலெக்ட்ரிக்கலில் இடம் இருந்தது, எடுத்தேன். இரண்டு வருடமாக 'தப்பான பிரிவில் மாட்டிக்கொண்டோமோ' என்று புலம்பிக்கொண்டிருந்தவன், இதைப் படித்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பேச்சுக்காக அவர் செய்த வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர். 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகம். 1921இல் கல்கத்தா. 1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1949இல் மாஸ்கோவில் இந்தியத் தூதர். 1952இல் குடியரசுத் துணைத் தலைவர். 1962இல் குடியரசுத் தலைவர். தாள் நிரம்பிவிட்டது. அவருடைய பிள்ளைகள் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் என்னதான் எழுதியிருப்பார்கள்? சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் என் தாளையும் அப்பாவையும் நினைத்துக்கொண்டேன். பெரிய மனிதர் வேலை மாறினால் அதை வளர்ச்சி என்கிறோம். என் அப்பா மாறினால் நிலையில்லாதவர் என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

'அவர் எங்கே, உங்கப்பா எங்கே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அத்தனை வேலை மாறியும் அவர் கூடவே எடுத்துப் போனது ஒன்று இருந்தது: சொல்லிக் கொடுப்பது. மாஸ்கோவில் தூதராக இருந்தபோதும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவி 1952 வரை அவரிடமே இருந்தது. நாடு அவர் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. நாற்காலிகள் பல. உட்கார்ந்த ஆள் ஓர் ஆசிரியர்.

அதே வாரம் இன்னொன்று நடந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் தங்கை இராத்திரியில் தமிழ்ப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். 'சிற்றகல் ஒளி'. ம.பொ.சி.யின் தன்வரலாறு. நாமும் படித்ததுதான், மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்ததுதான். அன்றைக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது.

ம.பொ.சிவஞானம் (1906–1995) பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். வறுமை விடவில்லை. பிழைப்புக்குப் பல வேலை பார்த்தார், நெசவும் பார்த்திருக்கிறார். பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் தட்டுவதைப் போல இல்லை அது. 'அ'னாவுக்கு ஒரு குழி, 'க'னாவுக்கு ஒரு குழி என்று பெட்டி பெட்டியாக ஈய எழுத்துகள் இருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தலைகீழாக அடுக்க வேண்டும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத்து திரும்பி இருக்கும். ஒற்று விட்டால் திட்டு! இப்படி ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுத் தமிழ் படித்தவனுக்குப் பிழை வருமா? கூடவே, பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்கு நூல்களை வாங்கிப் படித்தார். கற்றவர்கள் பேசும் இடம் தேடிப் போய்க் கேட்டார்.

கம்பாசிட்டர் விடுதலைப் போராட்டத்துக்குப் போனார், சிறைக்குப் போனார். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். 'செங்கோல்' என்ற பத்திரிகை நடத்தினார். மூன்றாம் வகுப்புக்காரரைத் தமிழ்நாடு 'சிலம்புச் செல்வர்' என்று கூப்பிட்டது. 1966இல் சாகித்திய அகாதெமி விருது. பிறகு 1986 வரை சட்ட மேலவைத் தலைவர்!

எங்கள் ஊருக்கு அவர் செய்தது தனிக் கதை. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ம.பொ.சி. முக்கியமானவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நான் இன்று தமிழ்நாட்டில் டிப்ளமோ படிப்பதற்கு ஒரு பழைய கம்பாசிட்டரும் காரணம்.

கம்பாசிட்டர் என்ற தொழிலே இன்று இல்லை. ஈய எழுத்து போய்விட்டது. அந்தத் தொழில் அவருக்குக் கொடுத்த தமிழ் போகவில்லை. பாயில் படுத்துக்கொண்டு இதை யோசித்தேன். அப்படியானால் குழித்தறி அப்பாவுக்கு என்ன கொடுத்தது?

* * *

செமஸ்டர் லீவில் அப்பா வேலை செய்யும் கடைக்குப் போனேன். சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் நான் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வார்னிஷ் வாசனையும் கருகின காயில் வாசனையும் கலந்து அடித்தது. தரையெல்லாம் பம்ப்செட் மோட்டார்கள்.

அப்பா தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்டேட்டரை மடியில் சாய்த்து வைத்திருந்தார். ஸ்லாட்டில் லெதராய்டு பேப்பரைச் சொருகினார். செம்புக் கம்பியை இழை இழையாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் உள்ளே இறக்கினார். மேலே மூங்கில் குச்சி வைத்து அடைத்தார். சுற்று எண்ணும்போது உதடு மட்டும் அசைந்தது. யாராவது பேசினால் எண்ணிக்கை தவறுமே என்று பயந்தேன். தவறவில்லை. பாவில் ஆயிரக்கணக்கான இழை எண்ணின மனிதர்! கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயிலை நூலால் வரிந்து கட்டினார். கடை முதலாளி என்னைப் பார்த்து, 'நாங்க கட்டினா ரெண்டு வருசத்துல தளரும் தம்பி. உங்கப்பா முடிச்சு நெசவுக்காரன் முடிச்சு. அவிழாது' என்றார்.

அவரே இன்னும் சொன்னார். விசைத்தறி ஷெட்டில் மோட்டார் எரிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அப்பாதான் இந்தக் கடைக்கு வருவாராம். ரெடியாகும் வரை வெளியே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். பிறகு காய்கறி விற்கும்போது அந்தப் பக்கம் வந்தால் நின்று பேசுவாராம். முதலாளிக்குக் கண் மங்க ஆரம்பித்ததும், 'உள்ள வந்து உக்காருய்யா' என்று கூப்பிட்டுவிட்டார். சுற்றுவட்டாரத்தில் எந்த விவசாயியின் கிணற்றில் என்ன மோட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். காய்கறிப் பெட்டியோடு எல்லா வீட்டு வாசலிலும் நின்றவர் அல்லவா? அவரை நம்பி வேலையும் வந்தது.

எனக்குத் தொண்டை அடைத்தது. இழை எண்ணின விரல் தறியிலிருந்து வந்தது. மோட்டார்மேல் கண் விசைத்தறியிலிருந்து வந்தது. ஊர் நம்பிக்கை காய்கறிப் பெட்டியிலிருந்து வந்தது. மாமா சொன்ன தச்சன் ஒரு மரமும் வெட்டாமல் இல்லை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு பலகை எடுத்து வைத்திருக்கிறான்!

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அப்பா ஒரு சந்தேகம் கேட்டார்.

'டேய், நாலு போல் மோட்டாருன்னா 1440 ஓடும்னு பிளேட்ல போடறான். அது இன்னா கணக்கு, 1440?'

எனக்குத் தெரிந்த விஷயம்! தரையில் சாக்கட்டியால் எழுதினேன். 120ஐ 50 சைக்கிளால் பெருக்கி, நாலு போலால் வகுத்தால் 1500. காந்தப் புலம் 1500 வேகத்தில் சுற்றுகிறது. ரோட்டார் அதைத் துரத்துகிறது, ஆனால் 60 சுற்று பின்தங்குகிறது. அதற்குப் பெயர் ஸ்லிப், நழுவல். இங்கே நூற்றுக்கு நாலு.

'நழுவாம ஓடற மாதிரி செய்ய மாட்டாங்களா?'

'இந்த மோட்டார்ல முடியாதுப்பா. ரெண்டும் ஒரே வேகத்துல ஓடினா ரோட்டார்ல கரண்டே உண்டாகாது. இழுவை இருக்காது. நழுவறதாலதான் அது சுத்துது.'

அப்பா சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். 'நல்லாக்கீதே இது' என்று சிரித்தார். 'என்னாட்டம் சொல்லு.'

முதலாளியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டில் மாமா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை வருடமாக உள்ளே இருந்திருக்கிறது.

பிறகு கேட்டேன். 'இத்தினி வேலை பாத்தியே, எதுப்பா உனக்குப் பிடிச்சுது?'

'தறி பிடிச்சுது. கத்திரிக்கா விக்கறதும் போகப் போகப் பிடிச்சுது, நாலு பேரு சிரிச்சுப் பேசுவாங்க. இதுவும் பிடிக்குது. செத்த மோட்டாரு சுவிட்சைப் போட்டதும் உர்ருனு எழுந்துக்கும் பாரு, அது போதும். பவர்லூம்தான் பிடிக்கல. அதுல மிஷினு வேலை செஞ்சுது, நான் காவல் காத்தேன்.'

வாழ்க்கைத் தொழிலைப் பற்றி எத்தனையோ பெரியவர்கள் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கூலி எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது முக்கியமான கேள்வி. காதில் வேப்பங்குச்சி போட்ட அம்மாவின் பிள்ளை நான், அதை லேசாகச் சொல்ல மாட்டேன். அடுத்த கேள்வி, இந்த வேலையில் நான் இருக்கிறேனா, வெறுமனே காவல் காக்கிறேனா?

* * *

இப்போது நாம் கடைசி வருடத்தில் நிற்கிறோம். ஹாஸ்டலில் இராத்திரி பேச்சே இதுதான். ஒருத்தன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான். இன்னொருத்தன் ஒரு வருடம் அப்ரண்டிஸ் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறான். இன்னொருத்தன் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம். வீட்டுக் கடனை நினைத்து ஒன்றும் சொல்லாமல் படுத்திருப்பவனும் உண்டு. எல்லோருக்கும் உள்ளே ஒரே பயம்: இப்போது தப்பான வழியில் போய்விட்டால் ஆயுசு முழுக்கத் தப்பாகிவிடுமே!

நண்பர்களே, எனக்கும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பாதி போய்விட்டது. முதல் வேலை என்பது தாலி இல்லை. பதினெட்டு வயதில் நாம் எடுக்கும் முடிவு நாற்பது வயதில் நம்மைக் கட்டிப்போடாது. தொழிலே மறைந்துவிடும் காலமும் வரும். கம்பாசிட்டர் தொழில் மறைந்தது. எங்கள் தெருவில் குழித்தறி மறைந்தது. நாளைக்கு நாம் படித்ததில் எது மறையும் என்று யாருக்குத் தெரியும்? மறையும்போது கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் துறைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு (1893–1974). பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசையில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். வாங்கின வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் செய்ததுதான் இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்கிறார்கள். சர்வர் வேலையிலிருந்து மோட்டார் வரை! அப்பா மடியில் வைத்துக் கட்டும் மோட்டாருக்கு அங்கே ஒரு தாத்தா இருக்கிறார்.

ஆனால் ஒன்று. மாறுவது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர்களின் கதையை இரண்டு பக்கத்தில் எழுதும்போது நடுவில் இருந்த பட்டினி தெரிவதில்லை. அப்பா ஆசைப்பட்டு மாறவில்லை, தள்ளப்பட்டு மாறினார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் கைத்தறிச் சேலையைப் பார்த்தால் கரையைத் தடவிப் பார்க்காமல் அவரால் வர முடியாது. பரண்மேல் தறிக்கட்டை அப்படியே இருக்கிறது. விற்கச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார். எல்லா நஷ்டமும் லாபமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய்.

படிப்பு நமக்குக் கொடுத்திருக்கும் வித்தியாசம் அதுதான். அப்பாவை வறுமை தள்ளியது. நமக்குத் தள்ளப்படும் முன்னால் ஓர் அடி நகரக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்துக்காகத்தான் அப்பா அம்மா நம்மைப் படிக்க வைத்தார்கள். ஆகவே எங்கே போனாலும் அப்பா செய்ததைச் செய்வோம்: எரிந்த மோட்டாரைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். அடுத்த வேலை அங்கே ஒளிந்திருக்கும்.

போன மாதம் வேலைவாய்ப்புப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி... 'தந்தையின் தொழில்'. இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. 'மோட்டார் காயில் கட்டுபவர். முன்பு: கைத்தறி நெசவாளர், விசைத்தறித் தொழிலாளி, காய்கறி வியாபாரி' என்று எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் ஏற்றி எழுத வேண்டியிருந்தது. வாங்கிப் பார்த்த சார், 'என்னடா இது, ரயில் வண்டி மாதிரி?' என்றார். 'எல்லாம் உண்மைதான் சார்' என்றேன்.

கொடுப்பதற்கு முன் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். விரல் அந்த வரியில் நின்றது. முழுதும் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

'கத்திரிக்காயக் கூட உடலியா நீ?' என்றார். கையெழுத்துப் போட்டார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை